ஈஸ்டருக்குக் குடிலுக்கு வர வேண்டாம்

பெர்கன்,
மார்ச் 14

பெருமதிப்புக்குரிய அக்கா போர்கில்டுக்கு, தம்பி டோர்லைஃப் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சிக்ருனும் நலம். உன் முழங்கால் வலியும் ஹால்வர் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன். ஆனால் என் மனைவியின் புண்ணியத்தில் இந்த வீடு இப்போது காலிப் பாத்திரம். கூடத்தில் முணுமுணுத்தால் மாடியில் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். இந்த ஈஸ்டருக்கு நம் மலைக் குடிலுக்கு நீங்கள் வர வேண்டாம். அப்பா நம் இருவருக்கும் சரிபாதியாக எழுதிவைத்த குடில் என்பதும், இந்த வருடம் உங்கள் முறை என்பதும், அத்தான் இந்நேரம் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூச ஆரம்பித்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். கோபப்படாமல் மேலே படி.

எல்லாம் ஒரு வகுப்பால் வந்த வினை. இலையுதிர்காலத்தில் நூலகத்தில் யாரோ ஒரு பெண்மணி 'அடைசல் இல்லாத இல்லம்' என்று மூன்று செவ்வாய்க்கிழமை பாடம் எடுத்தாள். முப்பத்தெட்டு வருடம் நல்லபடியாகக் குடித்தனம் நடத்திய சிக்ருன் அங்கே போய்விட்டு சட்டசபையாகத் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் ஒரு பொருள் வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டுமாம். நான் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கியதற்கு என் வானொலிப் பெட்டிக்கு வேலை போயிற்று. மாலைச் செய்தி முடிந்ததும், முட்டை வேகவைக்கிற கடிகாரத்தை முடுக்கிவிட்டு இருவரும் பத்து நிமிடம் வீடு முழுக்க ஓடி ஒழுங்குபடுத்த வேண்டுமாம். கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருடம் மணிக்குப் பயந்தவனுக்கு ஓய்வுக்காலத்திலும் மணி. மாடிப்படிக்குக் கீழே ஒரு கூடை, கேட்பாரற்றுக் கிடப்பதெல்லாம் அதில் விழும், சனிக்கிழமைக்குள் சொந்தக்காரர் வராவிட்டால் நகராட்சிக் கழிவுக்கூடம். என் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை மயிரிழையில் தப்பியது. ஒருநாள் என் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிறாள்:

"இவ்வளவு ஒயரு வெச்சிருக்கியே, ஒண்ணாவது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் வெச்சிருக்கேன்."

"கொண்டுபோய்ப் போட்டுட்டு வா."

போட்டேன். கழிவுக்கூடம் கால் மணி நேரத் தூரம்; நான் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி நம் குடிலுக்குப் போனேன். நல்ல சாமானை நசுக்குகிற இயந்திரத்துக்குத் தின்னக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஏன் இவ்வளவு நேரம்?" என்பாள். "அங்கே பெரிய வரிசை" என்பேன். அவளுடைய தோழிகள் வந்து வெறும் மேசையைத் தடவிப் பார்த்து, "அடடா, என்ன நிம்மதி!" என்று உருகுகிறார்கள். அந்த நிம்மதி அத்தனையும் நம் குடிலில் கூரைவரை அடுக்கியிருக்கிறது. இந்த நாட்டில் பாதி வீடுகள் பளபளவென்று இருக்கிற லட்சணம் இதுதான், வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

போன சனிக்கிழமை இன்னொரு சுமையோடு போனேன். கதவு திறக்கவில்லை. வெளியே ஆள் உயரப் பனி குவிந்தாலும் திறக்க வேண்டும் என்று அப்பா கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி வைத்தார் அல்லவா? உள்ளே குவிப்பதற்கு ஒரு மகன் இருப்பான் என்று அவர் யோசிக்கவில்லை. ஏதோ கனமாகச் சரிந்து கதவை அடைத்துக்கொண்டிருந்தது. தோளால் முட்டிப் பார்த்தேன், காலால் உதைத்தேன், கடைசியில் ஜன்னல் வழியாக நுழைந்தேன். இடுப்பு வரை போனேன், அதற்கு மேல் உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் குடில் ஊட்வார் நாயோடு வந்தான்.

"என்ன டோர்லைஃப், சொந்த வீட்டுலயே திருட்டா?"

"சாவியை மறந்துட்டேன்ப்பா."

"சாவி கதவுலயே தொங்குதே!"

காலைப் பிடித்து இழுத்தான். முதலில் கால்சட்டைதான் வந்தது.

ஆகவே அக்கா, ஈஸ்டருக்குப் பதில் ஏழு வாரம் தள்ளிப் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு வாருங்கள். அதற்குள் கதவைக் கழற்றி ஏதாவது செய்கிறேன். சிக்ருனிடம் மட்டும் மூச்சு விடாதே. முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அவள் என்னைப் பற்றிப் பிறரிடம் பெருமையாகப் பேசுகிறாள். "டோர்லைஃப் ஆளே மாறிட்டான்" என்று நேற்றுகூடத் தோழியிடம் சொன்னாள். அந்தப் பெயர் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது.

அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்கால் பனி உருகுவதற்குள் குணமாகட்டும், உங்கள் வீட்டில் வேண்டியதெல்லாம் நிறையட்டும், அவற்றை எண்ண யாரும் வகுப்புக்குப் போகாதிருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
டோர்லைஃப்

பின்குறிப்பு: நான் உறை தேடப் போன இடைவெளியில் சிக்ருன் இதைப் படித்துவிட்டாள். பூகம்பம் வரும் என்று நின்றேன். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "கதவை அடைச்சிருக்கறது உன் சாமான் இல்ல, என் தறி" என்றாள். தறி மட்டுமில்லை, தையல் இயந்திரம், பதினோரு பெட்டி ஜாடிகள், அவள் அம்மாவின் திரைச்சீலைகள். வியாழக்கிழமைதோறும் அவள் போவதாகச் சொன்ன பாட்டுக்குழு ஒத்திகையெல்லாம் மலையில்தான் நடந்திருக்கிறது! "உன் குவியலைப் பாத்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இவ்வளவுக்கு நடுவுல என்னோடது தெரியவா போகுதுன்னு நானும் வெச்சுட்டேன்" என்கிறாள். மேலே அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஈஸ்டருக்கு வராதீர்கள் என்று இப்போது இருவருமாகக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டுக் கீழறை காலியாக இருக்கிறதாமே? நீள அகலத்தை எழுதி அனுப்பச் சொல்கிறாள் சிக்ருன்.