சல்யூட் அண்ணனின் ஒத்திகைக் கல்யாணம்

தன் தலைவலிக்கே சல்யூட் அடிக்கும் மனிதர் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்க முடியும். அவரோடு ஒரு வருடம், செவ்வாய்க்கிழமைதோறும், மல்லேஸ்வரத்து மாடி அறை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மைக்ரேன்காரர்கள் ஐந்து பேர். மாத்திரையோடு பேச்சும் வேண்டும் என்று டாக்டர்கள் அனுப்பிவைத்தவர்கள். எங்களைப் பேசவைக்க ஒரு மனநல ஆலோசகர் மேடம். திரை இழுத்துவிட்ட அறை, ஐந்து முகத்திலும் இழவு வீட்டுக் களை.

சல்யூட் அண்ணன் தங்கவயலிலிருந்து அடுகோடி ஒர்க்‌ஷாப்புக்கு ரயிலில் வந்துபோகும் ஃபிட்டர். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். மேலதிகாரியைத் துரை என்று கூப்பிட்டு எழுந்து நின்ற குடும்பம். நெற்றிப்பொட்டில் வலி கிளம்பியதும் அண்ணனும் எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார்.

"துரை வந்துட்டாரு மேடம். நீங்க பேசுங்க, நான் கண்ண மூடிக்கினு கேக்கறேன்."

"அவர் வந்தா வரட்டும் சார். நீங்க ஏன் எழுந்து நிக்கறீங்க?"

"உக்காந்திருந்தா இன்னும் கோவிச்சுக்குவாரு."

சிரிப்போம். சிரித்தால் எங்களுக்கும் வலிக்கும் என்பதால் அளவாகத்தான்.

மூத்த மகள் கல்யாணத்தன்று மேளமும் மல்லிகை வாசமும் தாங்காமல் இருட்டறையில் கிடந்தவர் அவர். ஒருநாள் சல்யூட் வைக்காமல் உட்கார்ந்து அழுதார். "சின்னது சொல்லிடுச்சு மேடம், 'நீ மேடையில நிக்கலைனா எனக்குக் கல்யாணமே வேணாம்பா'ன்னு. அடுத்த மாசம் முகூர்த்தம்."

வலி வந்துவிடுமோ என்ற பயமே பாதி ஆளை முடக்கிவிடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவோம் என்றார் மேடம். அந்த அறையிலேயே ஒத்திகை. முதல் வாரம் ஒரு முழம் மல்லிகை. அடுத்த வாரம் பளீரென்று விளக்கு. மூன்றாவது வாரம் நான் செல்போனில் கெட்டிமேளம் வைத்தேன். அண்ணன் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றார். மீதி நாலு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தோம். பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அப்படியொரு துக்கமான கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

நிஜக் கல்யாணத்துக்குத் தங்கவயல் போனோம். தாலி கட்டும் நேரத்தில் அண்ணனின் கை நெற்றிக்குப் போனது. எனக்கு உயிரே போயிற்று. சல்யூட் வைத்தார், ஆனால் நகரவில்லை. கடைசி அட்சதை விழும்வரை மகள் பக்கத்தில் நின்றார்.

விழுந்தது நாங்கள் நால்வர்தான். மண்டபத்து ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகள்மேல் கிடந்தோம். அண்ணன் பட்டுவேட்டியோடு வந்து, ஈரத்துண்டு பிழிந்து ஒவ்வொரு நெற்றியிலும் போட்டார். அவர் கண்ணும் வலியில் சிவந்திருந்தது.

"எனக்கும் வந்துட்டாருபா துரை. கல்யாணத்துக்கு வந்தவரு, சாப்ட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

அந்த மழைக்காலத்திலேயே அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். எங்கள் செவ்வாய்க்கிழமையும் கலைந்தது. இப்போது வலி வந்தால் ஈஜிபுரா வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து நின்று ஒரு சல்யூட் வைக்கிறேன். துரைக்கென்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நான் அண்ணனுக்குத்தான் வைக்கிறேன்.