இணைப்பு நீக்கப்பட்டது

லிங்க்கைத் திறந்து பார்க்காமலேயே அழித்தான் கிருசாந்தன். ஒரு கையில் உழவு இயந்திரத்தின் எண்ணெய் வடிகட்டி, மறு கையில் போன். கிளிநொச்சியில் அவன் வேலை செய்யும் உதிரிப்பாகக் கடையின் முன்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள்.

‘வன்னி வேர்கள்’ என்ற பேஸ்புக் குழுவில் பதினோராயிரம் பேர் தங்கள் பூட்டன், கொப்பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதைச் சம்பளமில்லாமல் காவல் காப்பவர்கள் மூன்று பேர். குழுவைத் தொடங்கிய ஞானேஸ்வரி ரீச்சர் முல்லைத்தீவுப் பதிவுகளைப் பார்த்தார். வவுனியாவை லக்சிகா பார்த்தாள். கிளிநொச்சி கிருசாந்தனுடையது.

குழுவின் நாலாவது விதி, அனுமதியில்லாமல் லிங்க் போடக்கூடாது என்பது. போன வருடம் ஒருவர் தன் பூட்டனாரின் படத்துக்குக் கீழே முடி வளர்க்கும் எண்ணெயின் லிங்க்கைப் போட்டுவிட்டார். பூட்டனார் முழு வழுக்கை. அன்றைக்கு எழுதிய விதி.

இன்று அழிக்கப்பட்ட பதிவைப் போட்டவர், பளையிலிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் அப்புத்துரை. அதில் இரண்டே வரிகள்: ‘முரசுமோட்டை இளையதம்பி குடும்பமும் வவுனியா சிவராசா குடும்பமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வழி வந்தவை. விபரத்துக்கு லிங்க்கை அமத்தவும்.’

இளையதம்பி கிருசாந்தனின் அப்பப்பா. சிவராசா லக்சிகாவின் அப்பா.

லக்சிகாவை அவன் நேரில் பார்த்ததில்லை. எட்டு மாதமாகக் காவலர்களின் அரட்டையில், ‘இரண்டு அழிச்சிட்டன்’, ‘நான் மூண்டு’ என்று எழுதி எழுதியே, முன்பின் தெரியாத நகரத்தில் தூரத்து யன்னலொன்றில் விளக்கு எரிவதைப் பார்ப்பவனைப்போல அவள்மேல் அவனுக்கு ஒரு மயக்கம் வந்திருந்தது. அம்மா சிவனேஸ்வரியிடமும் சொல்லிவிட்டான்.

“பிள்ளை நல்ல பிள்ளையாத்தான் தெரியுது. முறை என்ன?” என்று கேட்டார் அம்மா.

“தெரியாது.”

“உன்ர கொப்பரின்ர ஆக்கள் வேலிச் சண்டையில பிரிஞ்சு போனவையள். ஆர் எங்க இருக்கினமெண்டு எனக்கும் தெரியாது. முறை சரியெண்டா நாளைக்கே போய்க் கேப்பன். தங்கச்சி முறை எண்டால் அந்தப் போனைக் கிணத்துக்க போட்டிட்டு வேற வேலையைப் பார்.”

ஒரு தாய் வயிறு என்றால் அண்ணன் தம்பி. அண்ணன் தம்பி வழி என்றால் லக்சிகா தங்கச்சி. அதற்கு மேல் கணக்குப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. நாலாவது விதி இருந்தது. நல்ல விதி.

மத்தியானம் லக்சிகா எழுதினாள்: ‘முரசுமோட்டைப் பதிவை அழிச்சது நீங்களோ?’

‘ஓம். அனுமதி எடுக்கேல்லை.’

‘திறந்து பாத்தனீங்களோ?’

‘விதி மீறினதைத் திறந்து பாக்கத் தேவையில்லை.’

‘சரி.’

தன் கண்டிப்பு அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று கிருசாந்தன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் அப்புத்துரை முறைப்படி அனுமதி கேட்டார். யாருடைய குடும்பம், எந்த ஊர், யார் தந்த தகவல் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். கையொப்பம் இல்லை என்று அழித்தான். விதியில் கையொப்பம் கிடையாது. அழித்த பிறகு சேர்த்தான்.

அதற்கடுத்த நாள், கொப்பித் தாளில் லிங்க்கைக் கையால் எழுதி, கீழே கையொப்பமும் வைத்துப் படமெடுத்துப் போட்டார் அப்புத்துரை.

‘இனிமேல் படத்திலும் இணைய முகவரி இருக்கக்கூடாது’ என்று கிருசாந்தன் அறிவித்தான். பிறகுதான், கலியாணப் படங்களின் மூலையிலெல்லாம் ஸ்ரூடியோக்காரர் தங்கள் இணைய முகவரியைப் போட்டிருப்பது தெரிந்தது. விதி என்றால் விதி. பின்னேரத்துக்குள் நாற்பது சோடி மாப்பிள்ளை பொம்பிளை காணாமல் போனார்கள்.

‘என்ர அம்மா அப்பாவை எங்கயடா துலைச்சனி?’ என்று கனடாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

நாலாம் நாள் குரல்பதிவு வந்தது. நாலரை நிமிடம். தொண்டையைச் செருமிக்கொண்டு அப்புத்துரை வாசித்தார்: “எச்சு. ரீ. ரீ. பீ. எஸ்சு. மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி. ஒரு சரிஞ்ச கோடு. இன்னொரு சரிஞ்ச கோடு...” நடுவில் சேவல் கூவியது. “பொறு, எங்க விட்டனான்? சரி, முதலில இருந்து வாறன்.”

குரல்பதிவுகளையும் தடைசெய்தான் கிருசாந்தன். தட்டச்சுத் தெரியாத முதியவர்கள் குரலில்தான் ஊர்ப் பெயர்களைச் சொல்லிவந்தார்கள். அவர்களுக்கு வாயடைத்தது. முறைப்பாடு எழுதவும் அவர்களுக்குத் தெரியாது. அது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

லக்சிகாவின் செய்திகள் குறுகிக்கொண்டே போயின.

‘வடிவா யோசிச்சுத்தான் அழிக்கிறீங்களோ?’

‘ஓம்.’

‘கடைசி முடிவோ?’

‘விதியில மாற்றமில்லை.’



அப்புத்துரை விடவில்லை. எட்டாம் தடவையும் ஒன்பதாம் தடவையும் அழித்தபின் களைத்துப்போன கிருசாந்தன், ‘இளையதம்பி’ என்ற பெயர் உள்ள எந்தப் பதிவும் தானாகவே தடுக்கப்படும்படி செய்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

வடக்கில் ஓர் இளையதம்பியாவது இல்லாத பரம்பரை கிடையாது. குழு இரண்டு நாள் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை ஞானேஸ்வரி ரீச்சர் போன் எடுத்தார்.

“தம்பி கிருசாந்தன், ஆக்கள் சொந்தம் தேடித்தானே எங்களிட்ட வருகினம்?”

“ஓம் ரீச்சர்.”

“நீர் இருக்கிற சொந்தத்தையும் அழிச்சுக்கொண்டிருக்கிறீர். அந்தப் பளை மனிசன் நாளைக்கு உம்மட வீட்டை வாறாராம். விலாசம் குடுத்திட்டன். கதைச்சுத் தீருங்கோ. இல்லாட்டில் திங்கக்கிழமையோட நீர் காவலர் இல்லை.”

காவலர் இல்லையென்றால் காவலர்களின் அரட்டையும் இல்லை. அரட்டை இல்லையென்றால் லக்சிகா இல்லை. மனிசனுக்குப் படலை திறந்தாலும் போச்சு, திருப்பி அனுப்பினாலும் போச்சு.

ஞாயிறு காலை முரசுமோட்டை வீட்டு முற்றத்தில் அம்மா படங்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். படலையில் ஓட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். அவருக்குப் பின்னால், ஓட்டோவின் இரு பக்கத்தாலும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நீளச் சுருள்.

“இதுதானே லிங்க் அழிக்கிற தம்பியின்ர வீடு?”

“இதுதான், வாங்கோ. இருங்கோ, கதிரை எடுத்து வாறன்” என்றார் அம்மா.

“கதிரை வேண்டாம், இடந்தான் வேணும். பதினாலு அடி.”

அப்புத்துரை சுருளின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு உருட்டிவிட்டார். நெல்லின்மேல் பளபளவென்று ஒரு பனர் விரிந்தது. கலியாண வீட்டுப் பனர்களைப்போல ஓரமெல்லாம் ரோசாப்பூ. நடுவில் பெட்டி பெட்டியாகப் பெயர்கள்.

“லிங்க் போடாதை எண்டீர், படம் போடாதை எண்டீர், வாயாலயும் சொல்லாதை எண்டீர். பனர் அடியாதை எண்டு விதியிருக்கோ?”

“இல்லை ஐயா” என்றான் கிருசாந்தன். அவன் பனரைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முப்பது வருசம் தபால் குடுத்தனான். நாய் கடிச்சிருக்கு, மாடு இடிச்சிருக்கு. ஒரு கடிதத்தை ஒன்பது தரம் திருப்பிவிட்ட ஆள் நீர் ஒருத்தர்தான்.”

அம்மா குனிந்து, நெல் ஒட்டிய விரலால் பெட்டி பெட்டியாகத் தொட்டு வாசித்தார். “இளையதம்பி. இது என்ர மாமா, உன்ர அப்பப்பா. பக்கத்தில... சின்னப்பிள்ளை. தங்கச்சி.” விரல் நின்றது. “டேய், தங்கச்சியடா! அந்தத் தங்கச்சியின்ர மகன்தான் சிவராசா. கொப்பருக்கு மச்சான். உனக்கு மாமன்.”

“அப்ப லக்சிகா?”

“மாமன்ர மகள் என்ன முறையெண்டு உனக்குப் பனரடிச்சுச் சொல்லவேணுமோ? மச்சாளடா!”

கிருசாந்தன் நெல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஒன்பது நாளும் தன் வாழ்க்கையின் மிக நல்ல செய்தியைத்தான் அவன் ஒவ்வொரு நாளும் தவறாமல் அழித்திருக்கிறான். நல்ல காலம், லக்சிகாவுக்கு இது ஒன்றும் தெரிந்திருக்காது. இனி அவன் ஆறுதலாக, அழகாக, முதன்முதலாக அவளிடம் சொல்லலாம்.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ” என்றான். “ஒண்டு மட்டும் கேக்கிறன். படத்தில எழுதிறது, குரலில வாசிக்கிறது... உந்தச் சுத்துமாத்தெல்லாம் எங்க பழகினனீங்கள்?”

அப்புத்துரை தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

“எனக்கெங்க தம்பி உது தெரியும்? லிங்க்கில இருந்த உந்தக் குடும்ப மரத்தைக் கீறினதும், நீர் அழிக்க அழிக்க ‘இனி இப்பிடிப் போடுங்கோ’ எண்டு சொல்லித் தந்ததும் அந்த லக்சிகாப் பிள்ளைதான். ‘ஒன்பது தரம் கேட்டிட்டன், ஒன்பது தரமும் மாட்டனெண்டிட்டார், கடைசியா ஒருக்கா நீங்களே நேர போய்ச் சம்மதமோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ’ எண்டு அழுதவா.”