பகலிலேயே ரெண்டு

"வெளிச்சம் அளக்குறேன்க்கா" என்று விஜிதரன் சொன்னதில்தான் எல்லா வம்பும் தொடங்கியது.

அவன் அளந்தது ராக்காயியின் முகத்தில் விழுந்த வெளிச்சத்தை. ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிற அவனுக்குக் கல்யாண ஆல்பம் போட்டே அலுத்துவிட்டது. உருப்படியாக ஒரு படம் எடுத்துக் கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். அதற்காகவே பழைய பிலிம் கமரா ஒன்றும், வெள்ளைக் குமிழ் வைத்த கையடக்க லைட் மீட்டரும் வாங்கியிருந்தான். மீட்டர் முள் காட்டுகிற எண்ணைக் கமராவில் வைத்தால் படம் கறுக்காது, வெளுக்காது. நோர்வூட்டுக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கிவிடும். அதற்குள் எடுத்தால்தான் உண்டு.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ராக்காயி, மீட்டரைக் கண்டதும் யாரும் சொல்லாமலே தாடையைத் தூக்கி வெயில் பக்கம் திரும்பினாள். அப்புறம் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் வாங்க. வெளிச்சம் அளக்க ஆள் வந்திருக்காங்க."

வந்தார்கள். லயத்துப் படிக்கட்டில் ஒரு விளக்குக்கூடக் கிடையாது. போன மாதம் பேச்சியம்மா இருட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மூன்று வருடமாக மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்தார்கள்.

தான் கவர்மெண்டு ஆள் இல்லை, போட்டோ எடுக்க வந்தவன் என்று விஜிதரன் விளக்கினான். தோட்டத் தலைவர் முத்துலிங்கம் கண்ணைச் சிமிட்டினார்.

"வெளியில அப்படித்தான் சொல்லணும். புரியுதுங்க."

படிக்கட்டை மட்டும் அளந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி அளந்தான். கீழ் லயத்துக்காரர்கள் தாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று வந்து நின்றார்கள். அதையும் அளந்தான். பிறகு தண்ணீர்ப் பீலி, கக்கூஸ் பாதை, கோயில் வளைவு. முள் காட்டிய எண்களையெல்லாம் முத்துலிங்கம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார். லயத்துப் பையன் மூக்கன் விஜிதரன் தலைக்குக் குடை பிடித்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மேலே ரோட்டில் ஜீப் நின்றது. தோட்டத்து மேனேஜர் தொரை இறங்கி வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். விஜிதரன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். ராக்காயி அதில் ஒரு துண்டு ரொட்டியை வைத்துவிட்டாள்.

"வெளிச்சம் அளக்குறாருங்க" என்று முத்துலிங்கம் பணிவாகக் கொப்பியை நீட்டினார். "படிக்கட்டுல பகல்லேயே ரெண்டுதான் காட்டுது. ராத்திரிக்கு என்ன காட்டும்னு நீங்களே பாத்துக்குங்க."

தொரை வெள்ளைக் குமிழைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், ரொட்டி மென்றுகொண்டிருந்த அதிகாரியையும் பார்த்தார். திரும்பிப் போய் ஜீப்பில் ஏறினார்.

ஒருவழியாக விஜிதரன் கமராவைக் கையில் எடுத்தபோது பனிமூட்டம் வாசலுக்கே வந்துவிட்டது. மீட்டர் முள் படுத்துக்கொண்டது. பன்னிரண்டு படத்துக்கான ரோலில் ஒன்றுகூட எடுக்காமல் பஸ் ஏறினான்.

அடுத்த கிழமை மறுபடி வந்தவனுக்குப் பகீரென்றது. படிக்கட்டு நெடுக நாலு புதுக் கம்பங்கள், நாலிலும் விளக்கு. தொரையே ஆள் விட்டுப் போட வைத்தாராம். கவர்மெண்டு ஆளாக நடித்தான் என்று பிடித்துக்கொண்டு போனால் ஸ்டூடியோ என்ன ஆவது? அவன் நேரே ராக்காயியிடம் போய் நின்றான்.

"என்னை மன்னிக்கணும்க்கா. நான் கவர்மெண்டு ஆள் இல்ல. இது போட்டோவுக்கு வெளிச்சம் பாக்குற சாமான்."

ராக்காயி வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து, தாடையைத் தூக்கி வெயில் பக்கம் திரும்பினாள்.

"கொட்டகலையில எம் மருமகனும் ஸ்டூடியோதான் வச்சிருக்காரு தம்பி. அது என்ன சாமான்னு எங்களுக்குத் தெரியும், தொரைக்குத்தான் தெரியாது."