தலைமையாசிரியை சாப்பிட்ட உட்கரு

உயிரியல் சொல்லிக்கொடுப்பதில் கம்பம் பள்ளத்தாக்கில் எனக்கு இணையாக ஆள் கிடையாது. (தற்பெருமைதான். இருக்கட்டுமே!) ஆனால் எனக்கு வேலை வாங்கித் தந்த பாடத்தை, மற்றவர்கள் தின்று மிஞ்சிய ஒரு தட்டை வைத்துத்தான் நடத்தினேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் நேர்முகத் தேர்வு. ஒன்பதாம் வகுப்புக்கு விலங்கு செல்லை நடத்திக் காட்ட வேண்டும். ஏற்கெனவே மூன்று பள்ளிகளில் ‘சொல்லி அனுப்புறோம்’ என்று கைகழுவியிருந்தார்கள். இதையும் விட்டால் பக்கத்தில் வேறு பள்ளி இல்லை.

மற்றவர்கள் சார்ட் கொண்டுவருவார்கள், நான் மேதாவியாயிற்றே! நோன்புக்கு வீட்டில் ஜெல்லி மாதிரி செய்யும் கடல்பாசி இனிப்பை அகலத் தட்டில் ஊற்றி உறையவைத்து, அதை சைட்டோபிளாசம் ஆக்கினேன். நடுவில் குலாப் ஜாமூன், அது உட்கரு. பேரீச்சம்பழம் மைட்டோகாண்ட்ரியா. எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை லைசோசோம். பெயர் எழுதிய குட்டிக் கொடிகளை மட்டும், அழகு கெடும் என்று கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தட்டைத் தலைமையாசிரியை அறையில் வைத்துவிட்டு எழுத்துத் தேர்வுக்குப் போனேன். திரும்பி வந்தால், தாளாளர் அவரோடு உட்கார்ந்து தன் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

“அருமைம்மா! திராட்சைத் தோட்டக்காரவுக எங்கயும் வெறுங்கையோட வரமாட்டாகன்னு தெரியும். அதுக்காக இம்புட்டுப் பலகாரமா!” என்றார் தாளாளர்.

அவர்மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் தோட்டக்காரர்கள் யாரைப் பார்க்கப் போனாலும் பழத்தட்டோடுதான் போவார்கள். தட்டில் கடல்பாசி மட்டும் குழிகுழியாக மிஞ்சியிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது; கூடவே கோபமும் வந்தது. பாடம் நடத்தாமல் போவதில்லை என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். அவர்கள் இருவரும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

நடுக்குழியில் முதல் கொடியை நட்டேன்.

“இங்கன இருந்தது உட்கரு. செல்லை நிர்வாகம் பண்றதே அதுதான். அதை நம்ம ஹெச்.எம். மேடம் சாப்பிட்டாக.”

வகுப்பு குலுங்கியது.

“மைட்டோகாண்ட்ரியா, சத்தைச் சக்தியா மாத்தும். அது போயிட்டா செல்லு தெம்பில்லாம படுத்துரும். அதைத் தின்னது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.”

எல்லாத் தலைகளும் தாளாளர் பக்கம் திரும்பின.

“டீச்சர், அப்ப லைசோசோம்?” என்றாள் ஒருத்தி.

“செல்லுக்குள்ள சேர்ற கழிவைச் செரிக்கிற பை. அது வெடிச்சா செல்லையே செரிச்சுரும். அதையும் சார்தான்...”

தாளாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்காது.

அன்று மாலையே வேலை உறுதியானது. நான் நடத்திய அழகுக்குத்தான் என்று வீட்டில் மார்தட்டினேன். அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நம்பவே இல்லை. இன்று அந்தப் பள்ளியில் நான்தான் மூத்த உயிரியல் ஆசிரியை. இருந்தும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது இதுதான்:

“பாடம் நடத்துனதுக்கா வேலை குடுத்தாக? தின்ன வாயால இல்லேன்னு எப்படிச் சொல்லுவாக!”