புகார் போனுக்கு வெல்வெட் பை

மக்களின் குறைகளைத் தீர்த்த அலுவலகங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. குறை என்பதையே இல்லாமல் ஆக்கிய அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். குடிநீர் வழங்கும் அந்த அலுவலகத்தை நாள்தோறும் கூட்டித் துடைப்பவள் நான். சரித்திரத்தின் அடியில் துடைப்பம் விடும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

முன்பெல்லாம் அங்கே புகார் சொல்ல ஒரு சன்னலும், ஒரு நோட்டும், நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. தண்ணீர் வராதவர்கள் வந்து எழுதுவார்கள். எழுதியது போதாமல் நின்று பேசிவிட்டும் போவார்கள். ஒரே இரைச்சல். புதிய அதிகாரி வந்து எல்லாவற்றையும் 'நவீனப்படுத்தினார்'. சன்னலை மூடி, அதற்கு முன்னால் ஒரு பீரோவை நகர்த்தி வைத்தார்கள். இனிப் புகார் என்றால் ஒரே ஒரு ஸ்மார்ட்போனில்தான்.

அவ்வளவு பெரிய பொறுப்பில் இருக்கும் போனை வெறுமனே மேசையில் போட்டு வைக்க முடியுமா? அதிகாரியின் மனைவி சிவப்பு வெல்வெட்டில் தம் கையாலேயே ஒரு சுருக்குப் பை தைத்துக் கொடுத்தார். உள்பக்கமும் வெல்வெட். போன் அதற்குள் உறங்கும். மணி அடித்தால் எழுத்தர் கயிற்றை அவிழ்த்து எடுப்பார். அவிழ்ப்பதற்குள் பாதி அழைப்புகள் ஓய்ந்துவிடும். இரைச்சல் குறைந்ததில் அந்தக் கயிற்றுக்கும் பங்கு உண்டு.

அந்த போன் ஒரு திங்கட்கிழமை காலையில் சார்ஜ் ஏற மறுத்துவிட்டது.

அதே காலையில்தான் என் அக்கா வீட்டுக் குழாயும் நின்றது. அக்கா மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள். கணுக்காலில் மாவுக்கட்டு. வேலைக்கு வருமுன் நான்கு வாளி, முடிந்து போய் நான்கு வாளி என்று அடுத்த தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாம் நாள் என் மூச்சு படியிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது.

"நான் குளிக்கிறதை நிறுத்திட்டேன்டி. நீ ரெண்டு வாளி குறைச்சுக்கோ," என்றாள்.

குளித்துவிட்டுத்தான் காபியைத் தொடுகிறவள் அவள். நேராக எழுத்தரிடம் போனேன். மிக நல்ல மனிதர். மேசையில் ஈ உட்கார்ந்தால்கூட எத்தனை மணிக்கு என்று எழுதி வைப்பார். அதனால் அவருக்குக் 'குறிப்பு' என்றே பெயர். விஷயத்தைச் சொன்னேன்.

"வாயால சொன்னா அது பேச்சும்மா. போன்ல சொன்னாத்தான் புகார்."

"போன்தான் செத்துக் கிடக்கே சார்."

"இப்ப நீங்க சொன்னதும் பேச்சுதான்," என்றார் வருத்தத்துடன். அதையும் குறித்துக்கொண்டார்.

போனைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து சார்ஜர்கள் வந்தன. ஒவ்வொன்றையும் அறையில் இருந்த எல்லாப் பிளக்கிலும் சொருகிப் பார்த்தார்கள். போனை அணைத்துப் போட்டார்கள். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து நிபுணரை அழைத்தார்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலும் முதுகு பிடித்துக்கொண்டாலும் அவர் சொல்லும் மருந்து ஒன்றே என்பதால் அவரை 'அப்டேட்' என்போம். போனை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்டேட் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். அப்டேட் பண்ண முதலில் சார்ஜ் வேண்டும் என்றும் அவரே சொன்னார். பழுது பார்க்கும் கடைக்குப் பேசினார்கள். பதிவு செய்ய ஒரு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது கடை. எந்த எண்ணுக்கு என்று கேட்டால், அந்த போனுக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு கண்டுபிடிப்பு. வயரைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து அழுத்திப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது. உடனே சுவரில் 'வயர் பிடிக்கும் முறைப்பட்டியல்' ஒட்டப்பட்டது. இரண்டு மணி முதல் மூன்று வரை குறிப்பு. மூன்று முதல் நான்கு வரை அப்டேட். பிடிப்பவர் தும்மக் கூடாது. நான்கு மணிக்கு இரண்டு சதவீதம் ஏறியிருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. பேசுவதற்காக அப்டேட் கையை எடுத்தார். போன் அணைந்தது. அந்த அனுபவத்திலிருந்து, பிடிப்பவர் பேசக் கூடாது, பேசுபவர் பிடிக்கக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது. மாலையில் போனைத் துடைத்து, மறக்காமல் வெல்வெட் பைக்குள் வைத்துக் கயிற்றை இறுக்கினார்கள்.

புதன்கிழமை ஆலோசனைக் கூட்டம். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். என் போனுக்கும் ஒரு முறை அப்படித்தான் ஆகியிருந்தது. அதனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், வயர் சொருகுற ஓட்டைக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கும். பையோட பஞ்சுதான். குச்சியால நோண்டி எடுத்தாப் போதும்."

அதிகாரி பையைப் பார்த்தார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து குறிப்பு பேனாவை மூடி வைத்தது அன்று ஒரு முறைதான்.

"அது யார் தைச்ச பைன்னு தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். தையல் ரொம்ப நல்லா இருக்கு."

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இப்படிப் பதிவாயிற்று: 'பழுதுக்குக் காரணம் – வானிலை.'

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த வாரம் அந்த அலுவலகத்துக்கு வந்த புகார்கள் பூஜ்யம். இது இதுவரை எங்கும் நிகழாத சாதனை. மேலதிகாரி நாளை மூன்று மணிக்கு நேரில் வந்து பாராட்டுச் சான்றிதழ் வழங்குவார். அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அன்று சாயங்காலம் முறைப்பட்டியல் சுவரில் இல்லை. என் குப்பைக் கூடையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"போனையும் பையையும் நல்லாச் சுத்தம் பண்ணி மேசைல வைம்மா. போட்டோ எடுப்பாங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது."

உத்தரவு என்றால் எனக்கு உத்தரவுதான். கேன்டீனில் ஒரு பல் குத்தும் குச்சி வாங்கிவந்து, அந்தச் சின்ன ஓட்டைக்குள் மெல்ல விட்டேன். குண்டுமணி அளவுக்குச் சிவப்புப் பஞ்சு திரண்டு வந்தது. வயரைச் சொருகினேன். யாரும் பிடிக்காமலே சார்ஜ் ஏறியது. அரை மணி நேரம் கழித்து, மேலதிகாரியின் கார் வந்து நின்றதும், போனை ஆன் பண்ணிப் பைக்குள் வைத்துக் கயிற்றையும் கட்டினேன்.

மேலதிகாரி வந்தார். ஓரமெல்லாம் தங்கத் தாள் ஒட்டிய சான்றிதழை நீட்டினார். எங்கள் அதிகாரி கையில் வாங்கிய அந்த நொடியில் பை நடுங்க ஆரம்பித்தது. ஐந்து நாள் சேர்ந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ, பை மேசையில் தானாகவே நகர்ந்து பிஸ்கட் தட்டை முட்டியது.

"என்ன அது?" என்று கேட்டார் மேலதிகாரி.

"மக்களோட வாழ்த்து சார்," என்றார் அதிகாரி.

நான் வராந்தாவுக்குப் போய் என் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்ததால் குறிப்பு கயிற்றை அவிழ்த்தே ஆகவேண்டியதாயிற்று.

"வணக்கம், புகார்ப் பிரிவு."

"சார், அக்கா வீட்டுல அஞ்சு நாளாத் தண்ணி வரல."

"நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"உங்க கதவுக்கு வெளியேருந்து சார்."

கண்ணாடி வழியாக நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பேனாவைத் திறந்தார். "முதல் புகார் எண் உங்களுதுதாம்மா," என்றார் மெதுவாக. அதன்பிறகு போன் ஓயவே இல்லை. அலுவலகம் மூடும்போது நாற்பத்தொன்று வரை எழுதியிருந்தார். மீதி திங்கட்கிழமைக்கு.

சனிக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் அக்கா தெருவுக்குப் போய்ப் பார்த்தான். சுவருக்கு வண்ணம் அடித்தவர்கள் ஈரம் படாமலிருக்கத் தெருக்கோடி வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்து போயிருந்தார்கள். ஒரு திருப்பு, அவ்வளவுதான். அக்கா எனக்கு போன் செய்தாள். போனைக் குழாயின் அருகில் பிடித்தாள். நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை புகார் போன் மறுபடியும் சார்ஜ் ஏறவில்லை.

இந்த முறை கூட்டமும் இல்லை, சார்ஜரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மெமோ வந்தது. 'தூசியை முறையாக அகற்றாமல் அலுவலக போனைப் பழுதாக்கியதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்.' இத்தனை வருடத்தில் என்னிடம் எழுத்து மூலம் ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றியுடன் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன்:

'மதிப்பிற்குரிய ஐயா, போனின் ஓட்டையைக் குச்சி விட்டுச் சோதித்தேன். பஞ்சு துளியும் இல்லை. தங்கள் வீட்டு அம்மா தைத்த பை குற்றமற்றது. உள்ளே இருந்த தூசியை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்க நிறத்தில் இருக்கிறது. நான்காக மடிந்திருக்கிறது. விரித்து, தங்கள் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியுள்ள சான்றிதழின் கிழிந்த மூலையில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது.'