பாலம் வந்துச்சா?

கேம் விளையாடுகிறவர்களில் ஜெயிக்கிறவர்கள் உண்டு, தோற்கிறவர்கள் உண்டு, பாதியில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிற என்னைப் போன்றவர்களும் உண்டு. இவர்கள் யாரோடும் சேராத ரகம் ஒன்று இருக்கிறது. அவர்தான் சிபாரிசுத் திலகம். தான் விளையாடி முடித்ததை ஊரையே விளையாட வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இவரிடம் மறந்தும், நல்ல கேம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் இந்த ரகம். பஸ் ஓட்டும் என் அக்காவுக்குக் கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. சின்ன வயதிலிருந்தே கேம் பைத்தியம் அவள். வலியை மறக்க உருப்படியாக ஒன்று வேண்டும் என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

கேட்டதுதான் தாமதம், தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை அப்படியே வைத்துவிட்டார். கதையைச் சொன்னால் சுவை போய்விடும், சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அரை மணி நேரம் கதையைச் சொன்னார். முதல் பதினாலு மணி நேரம் கொஞ்சம் இழுவைதானாம். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினால் ஒரு பாலம் வருமாம், பாலத்தில் காவல் பூதம் நிற்குமாம், அதை வீழ்த்தியதும் வருகிற காட்சியில் இவர் குலுங்கிக் குலுங்கி அழுதாராம். பதினாலு மணி நேரம் இழுக்கிற ஒன்றுக்கு நல்ல கேம் என்றா பெயர்? கேட்டுப் பாருங்களேன். உங்களுக்குப் பொறுமை போதாது என்பார்.

மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால் வணக்கம் கிடையாது, "பாலம் வந்துச்சா?" மட்டும்தான். வந்துவிட்டது என்று நான் உளறிய அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஒரு கண் டிவியிலும் ஒரு கண் அக்காவின் முகத்திலுமாக உட்கார்ந்துவிட்டார். அவள் அழுவதைப் பார்க்க வேண்டுமாம். மாவுக்கட்டோடு அவள் எங்கே எழுந்து ஓடுவது?

பூதம் அவளை மூன்று நாள் படாதபாடு படுத்தியது. மூன்று நாளும் இவர் ஆஜர். நாலாம் நாள், பூதத்துக்கு உயிர் இத்துனூண்டு மிச்சமிருக்கும்போது இவருக்குக் கை பரபரத்தது. ஒரு நிமிஷம் குடுங்கக்கா என்று, பறிக்காத குறையாக கன்ட்ரோலரை வாங்கினார். ஒரே வெட்டு. பூதம் காலி. பெருமையோடு திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அழுதாள்தான்.

"மூணு நாளா வலியே தெரியாம அதோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அது என்னோடது."

"அடுத்து இதைவிட நல்ல இடம் வருதுக்கா," என்றார் இவர்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். கதவையும் சாத்தினேன்.

அக்கா விடவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, அந்தப் பதினாலு மணி நேர இழுவையையும் மறுபடி இழுத்து, பத்தாம் நாள் தன் கையாலேயே பூதத்தைச் சாய்த்தாள். கால் முறிந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள், தன்னோடு பஸ் ஓட்டும் தோழிக்குப் போன் போட்டு, இதை விளையாடாவிட்டால் என் முகத்தில் முழிக்காதே என்று உத்தரவு போட்டாள். நாலே நாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எதற்கு என்றேன்.

"சும்மா, பாத்துட்டு வரலாம்னு."

ஆக, இது தொற்றுகிற சங்கதி. எனக்கெல்லாம் வராது என்கிறீர்களா? இதைப் படிக்கும்போதே, யாருக்கு அனுப்பலாம் என்று ஒருவர் உங்கள் ஞாபகத்துக்கு வந்திருப்பாரே. தாராளமாக அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, படித்தாரா என்று கேட்காமல் ஒரே ஒரு நாள் இருந்து பாருங்கள்.