கதிர்வீசும் எழுத்தரம்மாவின் விடுப்பு விண்ணப்பம்

தைராய்டு புற்றுநோய்க்காகக் கழுத்தில் கத்தி வைத்தாயிற்று. மிச்சம் மீதியைத் தீர்த்துக்கட்டக் கதிரியக்க அயோடின் மாத்திரையும் விழுங்கியாயிற்று. “ஏழு நாளைக்கு யார் பக்கத்துலயும் போகாதீங்க, முக்கியமா கர்ப்பிணிங்க, குழந்தைங்க பக்கம்” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அரசு அலுவலகப் பதிவறை எழுத்தரம்மாவுக்கு உடனே ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. பக்கத்து மேசைக்காரிக்கு எட்டாம் மாதம்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! விடுப்பு விண்ணப்பத்தை நேரில்தான் கொடுக்க வேண்டும். எழுத்தரம்மா வந்து வராந்தாக் கடைசியில் நின்றுகொண்டார்.

“கிட்ட வாம்மா, காது கேக்கல” என்றார் வராந்தாவின் மறுகோடியில் நின்ற மேலாளர்.

“வரக் கூடாதுங்க சார். அதுக்குத்தான் லீவு கேக்குறேன்.”

“லீவு குடுத்தாத்தானே வராம இருக்கலாம்? குடுக்குற வரைக்கும் வந்துதானே ஆகணும்? தொத்து நோயா?”

“இல்லைங்க.”

“தொத்தாத நோய்க்கு எதுக்குத் தனிமை?”

“உடம்புலேர்ந்து கதிர் வீசுதுங்க சார்.”

மேலாளர் நியாயஸ்தர். ஆதாரமில்லாமல் எதையும் மறுக்க மாட்டார். வராந்தா ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைக்கச் சொல்லி, கண்ணை இடுக்கிப் பார்த்தார். எழுத்தரம்மா மின்னவில்லை. ‘விண்ணப்பதாரர் ஒளிராமையால் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று, உடனே இருக்கைக்குத் திரும்பப் பணிக்கப்படுகிறார்’ என்று எழுதினார்.

எழுத்தரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “வேலையே போனாலும் சரி, புள்ளத்தாச்சி பக்கத்துல உக்கார மாட்டேன்!” என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கதிர் அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். எழுத்தரம்மா பக்கம் நீட்டியதும் அது விடாமல் கத்தியது.

மேலாளர் முகம் வெளிறிவிட்டது. “ஐயையோ, காலையிலேர்ந்து நான் இந்த வராந்தாவுலதானே நிக்கிறேன்!” அந்த நிமிஷமே தமக்கு ஏழு நாள் கதிர்வீச்சு விடுப்பு எழுதி, தாமே பரிந்துரைத்து, தாமே அனுமதித்தார். தலைமை எழுத்தருக்கும் கொடுத்தார். மாடியில் இருந்தவர்களும், அன்று வராதவர்களும்கூட வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து மேசைக்காரி, “வரேன்க்கா, உடம்பப் பாத்துக்குங்க” என்று தூரத்திலிருந்தே கையாட்டிவிட்டுப் போனாள். எழுத்தரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர் விண்ணப்பம் மட்டும் மேசையில் கிடந்தது. கையெழுத்துப் போட ஆளில்லை. ஆகவே ஏழு நாளும் தவறாமல் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டதும் அதுதானே.

எட்டாம் நாள் மேலாளர் திரும்பினார். ‘முன் அனுமதியின்றித் தனிமையில் இருந்தது ஏன்?’ என்று எழுத்தரம்மாவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.

வெளியே அந்த ஏழு நாளும் மனுவும் கையுமாக வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தவர்கள் நாம்தான். விஷயம் கேள்விப்பட்டதும் எனக்கு முன்னால் நின்றவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டார்:

“அப்படியா? நடுவுல ஆபீஸ் மூடியா இருந்துச்சு?”